எட்டரை அடிக்குள் ஒரு வீடு

பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டேன். இந்தப் பக்கம் ஆறடி, அந்தப் பக்கம் ஆறடி. டிராக்டருக்கு டிரெய்லர் கட்டித்தரும் பட்டறை அது. திருமானூரில், கொள்ளிடப் பாலத்துக்குப் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சதுரத்துக்குள் வந்து நின்றார். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "இதுல கட்டில் போட்டா கதவு தொறக்காது தம்பி" என்றார்.

இதே அளவுச் சதுரத்துக்குள் படுக்கை, சமையலறை, குளியலறை, கழிப்பறை, வேலை பார்க்க ஓர் இடம், மேலே மொட்டை மாடி என்று எல்லாவற்றையும் அடக்கி, அதை ஓர் ஆட்டோவின் மேல் ஏற்றிக் காட்டியவர் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் அருண் பிரபு. பெயர் 'சோலோ 01'. செலவு சுமார் ஒரு லட்சம் ரூபாய். 600 வாட் சோலார் தகடு, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பெரும்பகுதி பழைய சாமான்களைக் கொண்டு செய்தது. படங்கள் 2020-ல் பரவின. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா பாராட்டி எழுதியதும் நாடு முழுக்கப் பேசப்பட்டது. போனில் படத்தைக் காட்டினேன். பட்டறைக்காரர் பெரிதாக்கிப் பார்த்தது வீட்டை அல்ல, அதற்கு அடியில் இருந்த போல்ட்டுகளை. "கழட்டி எறக்கிடலாம் போல" என்றார். அவர் கண் பட்ட இடம் சரியான இடம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

36 சதுர அடி என்பதை இன்னோர் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடிசைகளுக்கு மாற்றாகத் தமிழக அரசு 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி, அரசு தரும் தொகை 3.50 லட்சம் ரூபாய். சரியாகப் பத்து மடங்கு. இவ்வளவாவது இருந்தால்தான் மனிதர் குடியிருக்கும் வீடு என்று அரசு நினைக்கிற அளவுக்கும், இவ்வளவிலும் குடியிருக்கலாம் என்று ஓர் இளைஞர் கட்டிக் காட்டிய அளவுக்கும் இடையே இருக்கும் தூரம் அது. அந்தத் தூரத்துக்குள்தான் உலகம் முழுக்கச் 'சின்ன வீடு' கட்டுகிறவர்கள் அளவு நாடாவோடு அலைகிறார்கள். (தமிழில் இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. அதனால் இனி சக்கர வீடு என்றே எழுதுகிறேன்.)

சக்கரம் எதற்கு? ஊர் ஊராகப் போவதற்கு என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் பலரும் சக்கரம் மாட்டியது நகர்வதற்காக அல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜே ஷேஃபர் என்பவர் 1999-ல் நூறு சதுர அடிக்கும் குறைவாக ஒரு வீடு கட்டினார். அவ்வளவு சின்ன வீடு அங்கே விதிப்படி வீடே இல்லை. குறைந்தபட்ச அளவு என்று ஒன்று உண்டு. ஆகவே டிரெய்லர் மேல் கட்டினார். கீழே அச்சு இருந்தால் அது வண்டி; வண்டிக்குக் குறைந்தபட்ச அளவு கிடையாது, அதிகபட்சம்தான் உண்டு. பிரிட்டனில் 'கேரவன்' என்று சட்டம் ஒப்புக்கொள்ளும் பெட்டி 20 மீட்டர் நீளமும் 6.8 மீட்டர் அகலமும் இருக்கலாம். நம்மூர்க் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் மாதிரி இருக்கும். ஆனாலும் நகர்த்தக்கூடியது என்பதால் அது கேரவன்.

இதைப் படித்துவிட்டு, சக்கரம் மாட்டினால் சட்டத்திலிருந்து தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தப்ப முடியாது. ஒரு சட்டப் புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நல்ல வடிவமைப்பாளர் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, இரண்டும் ஒத்துக்கொள்ளும் இடைவெளி எங்கே என்று தேடுகிறார். நான் தேடிப் பார்த்ததில் அப்படி ஓர் இடைவெளி அகப்பட்டது. அதைத்தான் இரண்டாவதாகத் தரையில் வரைந்தேன்.

முதல் புத்தகம் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. சாலையில் ஓடும் வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. அடிக் கணக்கில் எட்டரை. இரண்டாவது, தேசியக் கட்டடத் தொகுப்பு, 2016. அது நேரடிச் சட்டம் அல்ல, மாநிலங்களுக்கு வழிகாட்டி. ஆனால் குடியிருக்கத் தகுந்த அறை எது என்று அது அளவு சொல்கிறது: பரப்பு 9.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக்கூடாது, உயரம் 2.75 மீட்டர் வேண்டும்.

வெளி அகலம் 2.6, உள் அகலம் 2.4. இரண்டுக்கும் வித்தியாசம் 20 சென்டிமீட்டர். ஆளுக்குப் பாதி என்று இரண்டு பக்கச் சுவருக்கும் பிரித்தால் சுவர் ஒன்றுக்குப் பத்து சென்டிமீட்டர், அதாவது நான்கு அங்குலம். செங்கல்லை வைத்து யோசித்தால் பூச்சுக்கே இடம் இருக்காது. இரண்டங்குலச் சதுர இரும்புக் குழாயில் சட்டம், வெளியே கலர் ஷீட், நடுவில் வெப்பம் தடுக்கும் பலகை, உள்ளே ப்ளைவுட் என்று போனால் மூன்றரை அங்குலத்தில் முடிந்துவிடும். நீளம் நான்கு மீட்டர் வைத்தால் உள்பரப்பு 9.6. உயரத்துக்கும் கணக்கு போட்டோம்: தரையிலிருந்து தளம் 70 சென்டிமீட்டர், உள் உயரம் 2.75 மீட்டர், கூரை பத்துப் பதினைந்து சென்டிமீட்டர். கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் அதைவிட உயரமாகப் போவதைத் தினமும் பார்க்கிறோம்.

சாலை விதிக்கு அடங்கிய வண்டி, கட்டட விதிக்கு அடங்கிய அறை, இரண்டும் ஒன்றே. மயிரிழையில் பொருந்துகிறது; யாரும் திட்டமிட்டு இப்படி வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு குழுக்கள் இரண்டு காலத்தில் எழுதிய எண்கள் நான்கு அங்குலச் சுவரில் வந்து கை குலுக்கிக்கொள்கின்றன.

இதில் சமையலறை எங்கே, கழிப்பறை எங்கே என்று கேட்பீர்கள். தொகுப்பின்படி சமையலறைக்கு 5 சதுர மீட்டர், குளியலுக்கும் கழிப்பறைக்கும் சேர்த்து 2.8. எல்லாவற்றையும் ஏற்றினால் வீடு ஏழு மீட்டரைத் தாண்டி, லாரியின் அடிச்சட்டம் கேட்கும். வெளிநாட்டுப் படங்களில் எல்லாமே பெட்டிக்குள் இருக்கும். வெளியே பனி, வேறு வழியில்லை. இங்கே நம் பாட்டி வீட்டில் அறை ஒன்றுதான். தாழ்வாரத்தில் அடுப்பு, கொல்லையில் மற்றதெல்லாம். சக்கரத்தின் மேல் அறையை மட்டும் வைத்துவிட்டு, பக்கத்தில் மடித்து இறக்கும் தகரச் சாய்ப்பு ஒன்றில் சமையலை வைத்துக்கொள்வது நம் வெயிலுக்கும் புகைக்கும் நல்லது என்பது என் கட்சி.

இப்போது அந்த போல்ட்டுக்கு வருகிறேன். பழைய வேனையோ டிரெய்லரையோ வாங்கி நாமே வீடாக மாற்றிவிடலாம் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் வண்டிக்கும் பொருத்தம் இல்லாமல் போகும்படி மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிச் சொன்னது. வீடுபோல் அமைந்த வண்டிகளுக்கென்றே தனித் தரநிலை இருக்கிறது. அதன்படி சோதனைக்குப் போய் அங்கீகாரம் வாங்க வேண்டும். தனி ஆளுக்கு அது கட்டுபடியாகாது. ஆனால் அரியலூரைச் சுற்றிச் சிமெண்டு ஆலைப் பணியிடங்களிலும் நெடுஞ்சாலை வேலை நடக்கும் இடங்களிலும் தகரப் பெட்டி அலுவலகங்கள் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவை வண்டியின் உறுப்பு அல்ல, சரக்கு. லாரியில் வருகின்றன, கிரேனில் இறங்குகின்றன. சாலையில் இருக்கும்வரை சரக்குக்குரிய விதி; உள்ளே ஆள் உட்கார்ந்து வரக்கூடாது. போல்ட்டைக் கழற்றி இறக்கலாம் என்பதுதான் அதற்குரிய சாவி.

இறக்கி வைத்த நொடியில் அடுத்த புத்தகம் திறந்துகொள்ளும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 'கட்டடம்' என்பதற்குத் தரும் விளக்கம் அகலமானது. குடிசை அடங்கும், கொட்டகை அடங்கும். செங்கல், மரம், மண், உலோகம், வேறு எதனால் செய்திருந்தாலும் அடங்கும். விவசாய நிலத்தில் இருக்கும் மாட்டுக்கொட்டகைக்கு மட்டும் விலக்கு. மாட்டுக்கு இருக்கும் சலுகை மனிதனுக்கு இல்லை என்று சிரித்தார் பட்டறைக்காரர்.

சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882 இன்னொரு கேள்வி கேட்கும்: இது நிலத்தோடு சேர்ந்ததா, சேராததா? இதற்கு நல்ல உதாரணம் நம் வயல்களிலேயே கிடைக்கிறது. வயலில் பூட்டி வைத்த ஆயில் எஞ்சின் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்ற வழக்கு 1960-களின் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. எஞ்சின் ஆடாமல் ஓட வேண்டும் என்பதற்காக மட்டும் அதைத் தரையில் பூட்டியிருந்தால் அது அசையும் பொருளாகவே இருக்கும். நிலத்துக்கு நிரந்தரப் பயன் தரும்படி பதித்திருந்தால்தான் நிலத்தோடு சேரும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எதற்காகப் பூட்டினாய் என்பதுதான் கேள்வி, பூட்டினாயா இல்லையா என்பது அல்ல. சக்கர வீட்டுக்காரர்கள் இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் காற்று அவர்களைப் பூட்டத்தான் சொல்லும்.

காற்றின் கணக்கு கொஞ்சம் பயமுறுத்தும். இந்தியத் தரநிலை 875-ன் மூன்றாம் பகுதி ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அடிப்படைக் காற்று வேகம் தருகிறது. திருச்சிக்கு விநாடிக்கு 47 மீட்டர்; மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: வேகத்தை அதனாலேயே பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். 47-க்கு அது சுமார் 1,325. கிலோவில் சொன்னால் 135. நம் வீட்டின் நீளப் பக்கம் ஏறக்குறைய 12 சதுர மீட்டர். ஆக, 1.6 டன் சுமை பக்கவாட்டில் வந்து தள்ளுகிறது. தள்ளும் இடம் தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில். வீட்டின் எடை சாமான்களோடு ஒன்றரை டன் என்று வைத்துக்கொண்டால், கவிழாமல் பிடிக்கும் எடைக்குக் கிடைக்கும் நெம்புகோல் சக்கரத்துக்கும் நடுவுக்கும் உள்ள ஒரு மீட்டர்தான். ஒரு பக்கம் 1.6 பெருக்கல் 2.1; மறுபக்கம் 1.5 பெருக்கல் 1. ஜெயிப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், மணிக்கு 100, 110 கிலோமீட்டர் காற்றிலேயே வீடு ஒருக்களித்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது வேதாரண்யம் பக்கம் வீசியது அதற்குக் குறையாத காற்றுதான்.

கான்கிரீட் வீட்டுக்காரர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. அவர் வீட்டின் எடையே அவருக்கு நங்கூரம். லேசான வீட்டுக்கு நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்து ஏற்றி, திருகாணி போல மண்ணுக்குள் இறங்கும் இரும்பு முளைகளில் கம்பி வடத்தால் இழுத்துக் கட்ட வேண்டும். கொள்ளிடக் கரையின் வண்டல் மணலில் முளை ஆழமாக இறங்க வேண்டும். வடக்கே அரியலூர்ப் பக்கத்துக் கரிசலில் வேறு சிக்கல். கரிசல் மழையில் ஊதி, கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அஸ்திவாரம் போட்ட வீட்டின் சுவரில் மூலைவிட்டமாக ஓடும் விரிசல்கள் இந்த மண்ணின் கையெழுத்து. மண் ஆடும்போது கூடவே ஆடி, ஜாக்கியை இரண்டு சுற்றுத் திருப்பி மட்டம் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு அங்கே ஒரு லாபம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெயர்போன மாவட்டத்தில் சிமெண்டே இல்லாத வீட்டுக்கு இப்படி ஒரு வாதம் கிடைப்பது வேடிக்கைதான்.

வெயிலுக்கு வருவோம். மே மாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர்க் கூரையில் சுமார் 900 வாட் விழுகிறது. நம் கூரை 11 சதுர மீட்டர்; ஆக, பத்து கிலோவாட். ஐந்து இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் கூரை மேல் கவிழ்த்து வைத்த மாதிரி. நிறம் மங்கிய தகரம் இதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். நல்ல வெள்ளைப் பூச்சு முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும். அதற்கு மேலும் ஒரு வழி உண்டு: கூரைக்கு மேல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இன்னொரு கூரை. மேல் கூரை வெயிலை வாங்கிக்கொள்ளும், இடையில் ஓடும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும், கீழ்க் கூரை நிழலில் இருக்கும். கீற்றுப் பந்தலின் தத்துவம்தான். சோலார் தகடுகளையே அந்த மேல் கூரையாக்கிவிடலாம்.

ஒரு விஷயத்தில் தகரப் பெட்டி கான்கிரீட்டைவிட நல்லது. கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைச் சேமித்து, நாம் பாய் விரிக்கும் நேரத்தில் கடனைத் திருப்பிக் கொடுக்கும். லேசான சுவரில் சேமிக்க எதுவும் இல்லை. பொழுது சாய்ந்து ஜன்னலைத் திறந்தால் அரை மணியில் ஆறிவிடும். பகல் வயலில், இரவு வீட்டில் என்று இருப்பவர்களுக்கு இது பொருந்தும். பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கும் கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் பொருந்தாது.

அப்படியானால் புளியமரத்தடியில் நிறுத்திவிடலாமே? வீட்டுக்கு நல்லது, சோலாருக்குக் கேடு. தகட்டின் செல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒரு மூலையில் விழும் கிளை நிழல் அந்த வரிசை முழுவதன் மின்னோட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். ஆகவே வீடு நிழலில், தகடு பத்து மீட்டர் தள்ளி வெயிலில். அங்கே கம்பியின் கணக்கு வருகிறது. 600 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பினால் 50 ஆம்பியர் ஓடும். ஆறு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில், போக வர 20 மீட்டரில், கிட்டத்தட்ட 3 வோல்ட் வழியிலேயே சூடாகக் கரையும். நாலில் ஒரு பங்கு போயிற்று. அதே 600 வாட்டை 40 வோல்ட்டில் அனுப்பினால் 15 ஆம்பியர்தான். இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே. அதனால் தகட்டின் வோல்ட்டேஜைக் குறைக்காமல் அப்படியே கொண்டுவந்து, பேட்டரி பக்கத்தில் வைக்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலரில் இறக்க வேண்டும். கடையில் விலை குறைந்த கன்ட்ரோலரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எனக்கு ஒரு முறை அப்படி நடந்தது. ஒரு கோடை முழுக்கத் தகட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

600 வாட் தகடு என்ன தரும்? நம் பக்கம் நாளொன்றுக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று வைத்தால் மூன்று யூனிட். சூட்டில் தகடு சோர்ந்துபோகும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறைவு. 65 டிகிரியில் அது 14 சதவீதம். தூசி, பேட்டரி, இன்வெர்ட்டர் இழப்புகளையும் கழித்தால் கையில் நிற்பது இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பி.எல்.டி.சி. மின்விசிறி பதினாறு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். விளக்கும் போனும் சேர்ந்து கால் யூனிட்கூட ஆகாது. சின்ன ஃபிரிட்ஜ் முக்கால் யூனிட். முடிந்தது. இண்டக்‌ஷன் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் இந்த முழு நாள் சம்பாத்தியமும் போய்விடும், ஏ.சி. பற்றிப் பேசவே வேண்டாம். ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் வானம் திறக்காவிட்டால் ஃபிரிட்ஜை அணைத்துவிட வேண்டும். 24 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டரை யூனிட் வைத்திருக்கும்; விசிறிக்கும் விளக்கிற்கும் இரண்டு நாள் தாங்கும். இதற்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் தயாரிக்க மின்சாரச் சட்டம் 2003 தடை சொல்லவில்லை.

தண்ணீர்தான் எடையில் வில்லன். சோலோவின் 250 லிட்டர் என்பது 250 கிலோ. நான்கு பெரிய ஆட்களை ஏற்றியதற்குச் சமம். குட்டி யானை என்று நாம் சொல்லும் சின்ன லோடு வண்டியே ஏற்றுவது முக்கால் டன் அளவில்தான். தண்ணீர், பேட்டரி, தகடு, சிலிண்டர், இரண்டு பேர், பாத்திரம் பண்டம் என்று கழித்துக்கொண்டே வந்தால் வீட்டுக்கு மிஞ்சுவது இருநூற்றைம்பது கிலோ. பாதி நிரம்பிய தொட்டி வளைவில் தளும்பி வண்டியை அது சாயும் பக்கமே இன்னும் சாய்க்கும். ஆகவே ஓடும்போது தொட்டி காலி, நின்ற பிறகு நிரப்புவது. மழையில் ஒரு வசதி: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். நம் கூரையில் 10 மில்லிமீட்டர் மழைக்கு 110 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒதுக்குவது 55 லிட்டர். கணவன் மனைவிக்கு ஒரு நாள் ரேஷன் வானத்திலிருந்து வருகிறது, மழை பெய்கிற நாளில்.

கழிப்பறையைப் பற்றித்தான் எல்லோரும் கடைசியில் கேட்பார்கள், ஆனால் விதிகள் எல்லாம் முதலில் கேட்பது அதைத்தான். ஆற்றோரத்தில் உறைகிணறு வைத்த கழிப்பறை ஆபத்து. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் குழியில் இறங்குவது பக்கத்து அடிபம்பில் ஏறும். இதற்கு விடை கொள்ளிடத்துக்கு மேற்கே, காவிரியின் வடகரையில் முசிறியில் இருக்கிறது. ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனமும் அதை நடத்திய மராச்சி சுப்புராமனும் (2021-ல் பத்மஸ்ரீ) சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் உலர் கழிப்பறைகளை அங்கே பரப்பினார்கள். தண்ணீர் ஊற்றுவதற்குப் பதில் மேலே சாம்பல். ஈரம் இல்லை என்றால் நாற்றமும் இல்லை, கிருமியும் நாளடைவில் சாகும், மிஞ்சுவது எரு. சமுதாயக் கழிப்பறையைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு தடவைக்குப் பத்துப் பைசா கொடுத்தார்கள். காசு வாங்கிக்கொண்டு விடும் நாட்டில் காசு கொடுத்து அழைத்த கழிப்பறை அது. சிறுநீர் வாழைக்குப் போயிற்று. குழி தோண்டாத, குழாய் கேட்காத இந்த முறை சக்கர வீட்டுக்கென்றே செய்தது போல இருக்கிறது.

இத்தனையும் தரையில் கணக்கெழுதி முடித்தபோது மாலையாகிவிட்டது. பட்டறைக்காரர் ஒரு கேள்விதான் கேட்டார். "எல்லாம் சரி. கொண்டுபோய் எங்க நிறுத்துறது?"

அங்கேதான் இந்தச் சமாசாரம் மொத்தமும் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் சின்ன வீட்டைத் தடுப்பது அளவு விதி. அதனால் சக்கரம் அங்கே விடை. நம்மூரில் யாரும் வீடு சின்னது என்று இடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. கனவு இல்லமும் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் முதல் காகிதம் ஒன்று: பட்டா. அது இருப்பவனுக்குச் சக்கரம் வேண்டாம். இல்லாதவன் புறம்போக்கில் நிறுத்தினால், கீழே சக்கரம் இருக்கிறது என்பதற்காக வி.ஏ.ஓ. விட்டுவிட மாட்டார். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் ஒரு சட்டம் வந்து, தள்ளுவண்டிக் கடைக்கு உரிமை கொடுத்தது. நகரும் கடை சட்டத்தில் இருக்கிறது. நகரும் வீடு இல்லை.

ஆனால் நிலம் இல்லாமல், பட்டா இல்லாமல், பல தலைமுறையாக இந்தப் பக்கம் வந்து தங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அறுவடை முடிந்த வயல்களுக்கு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறி ஓட்டிவரும் கீதாரிகள். அவர்கள் குடியிருப்பின் மொத்தமும் பனையோலைக் கூடாப்பு, வலை, சில பாத்திரங்கள். நிலத்துக்காரர் அவர்களை விரட்டுவதில்லை, வரச்சொல்லி அழைக்கிறார். ராத்திரி கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்குக் கூலியும் கொடுக்கிறார். குடியிருக்க வந்தவனுக்கு நிலத்துக்காரன் வாடகை கொடுக்கும் ஏற்பாடு உலகத்தில் வேறெங்கே இருக்கிறதோ தெரியாது.

முசிறிக் கழிப்பறையை வைத்துக்கொண்டு நாமும் அப்படிக் கிடை போடலாமா என்று யோசித்தேன். ஓர் ஆளின் ஓராண்டுச் சிறுநீரில் சுமார் 4 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. இருவருக்கு எட்டு. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்பதால், அது பதினேழு கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் ஐம்பது காசு. வருட வாடகை நூற்றிச் சொச்சம் ரூபாய் ஆயிற்று. பட்டறைக்காரர் சாக்பீஸை வாங்கி அந்தத் தொகையைத் தரையில் எழுதிப் பார்த்தார். "செம்மறி நூறு வாங்கிக்கங்க தம்பி, வீடு தானா கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு, வாசலில் ஹாரன் அடித்த டிராக்டருக்கு வழிவிடப் போனார்.